கல்லாவுக்கு அந்தப் பக்கம்

பால் வாங்க வந்த அந்த அம்மாள் குளிர்பெட்டியின் கதவைத் திறக்கிறார். முன்வரிசைக் கேலன் புட்டிகளை ஒதுக்கிவிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவுகிறார். கெடுதேதி தள்ளியிருக்கும் புட்டியைப் பின்னால்தான் அடுக்கியிருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான், எந்தக் கடையிலும் அப்படித்தான் அடுக்குவார்கள். கெவின் ஸ்மித் 1994இல் எடுத்த 'கிளார்க்ஸ்' படத்தில் இது சில நொடிக் காட்சி. கடைப் பையன்கள் இந்த ரகத்து ஆட்களுக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் யோசித்தால் சிரிக்க அதில் ஒன்றுமில்லை. காசு கொடுக்கிறவர் நாலு நாள் கூடுதலாகத் தாங்கும் பாலைத் தேடுகிறார், அவ்வளவுதான். இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேராவது அதே வாரத்தில் ஏதோ ஒரு கடையில் அதே மாதிரி கையை உள்ளே விட்டிருப்பார்கள். அப்படியிருக்க அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்றரை மணி நேரம் நம்மைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கவைத்து, நாம் வழக்கமாக நிற்கும் பக்கத்தைப் பார்த்து நம்மையே சிரிக்கவைக்கிற படம் இது. அந்த இடமாற்றம் அவ்வளவு லேசாக நடந்துவிடுவதுதான் உறுத்துகிறது.

சலித்துப்போன இரண்டு கடை ஊழியர்களின் ஒரு நாள் என்றுதான் இந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நியூ ஜெர்சியின் லியோனார்டோ என்ற சிற்றூரில் ஒரு சிறு பலசரக்குக் கடை, ஒட்டியபடி ஒரு வீடியோ கடை. முன்னதில் டான்டே, பின்னதில் ராண்டல். டான்டேக்கு அன்று விடுமுறை. உடன் வேலை செய்பவர் வரவில்லை என்று காலையில் முதலாளி தொலைபேசியில் எழுப்பிக் கூப்பிடுகிறார், மதியம் வந்து விடுவிக்கிறேன் என்கிறார், பிறகு வெர்மான்ட்டுக்குப் போய்விட்டதாகத் தெரியவருகிறது. இன்று நான் இங்கே இருக்கவேண்டியவனே இல்லை என்று டான்டே படம் முழுக்கப் புலம்புகிறான். சோம்பேறியின் சாக்காகவும், வாழ்க்கையில் முடிவெடுக்கத் தெரியாதவனின் பல்லவியாகவும் இதை விமர்சகர்கள் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் புலம்பல் படத்திலேயே மிகத் துல்லியமான பொருளாதார வாக்கியமாகப் படுகிறது. இந்த வகைக் கடை எதை விற்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். பாலும் முட்டையும் சிகரெட்டும் பெரிய கடையில் இதைவிட மலிவு. இங்கே கூடுதலாகக் கொடுக்கும் காசு, கடை பக்கத்தில் இருக்கிறது, இந்நேரத்திலும் திறந்திருக்கிறது என்பதற்காக. டல்லஸில் பனிக்கட்டி விற்ற ஒரு கம்பெனி தன் கடைகளுக்கு 1946இல் செவன்-இலெவன் என்று பெயர் மாற்றியபோது, காலை ஏழிலிருந்து இரவு பதினொன்றுவரை என்ற கடை நேரத்தையே பெயராக வைத்தது. அங்கே சரக்கு நேரம்தான். அந்த நேரத்தில் எவனோ ஒருவன் அங்கே நிற்கவேண்டும். யாரும் வராத அரைமணி நேரத்திலும் அவன் நின்றால்தான் கடை திறந்திருப்பதாகக் கணக்கு. ஆகவே அந்தச் சலிப்பு வேலைக்கு நடுவில் விழும் ஓட்டை ஆகாது. அவன் கூலி வாங்குவதே அதற்குத்தான். இங்கே இருப்பதைத்தவிர அவனிடம் விலைபோகிற வேறொன்றும் இல்லாதபோது, இங்கே இருக்கவேண்டியவன் இல்லை என்று அவன் சொல்வது வெறும் சிணுங்கலாக இருக்கமுடியாது.

படம் இதை ஒரு துணியில் எழுதியே மாட்டியிருக்கிறது. பூட்டில் யாரோ சூயிங் கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டரைத் தூக்கமுடியவில்லை. டான்டே ஒரு படுக்கைவிரிப்பில் ஷூ பாலிஷால், கடை திறந்துதான் இருக்கிறது, நம்புங்கள் என்கிற பொருளில் எழுதி வெளியே தொங்கவிடுகிறான். இதற்குப் பின்னால் இருந்தது முழுக்க முழுக்கப் பண நெருக்கடி. கெவின் ஸ்மித் அதே கடையில் பகலில் வேலை பார்த்தவர், கடை மூடியபின் இரவில்தான் படம்பிடிக்க முடிந்தது. கதை பகலில் நடக்கிறது, வெளியே இருட்டு தெரியக்கூடாது, எனவே ஷட்டர் இறங்கியே இருக்கவேண்டும், அதற்கொரு காரணம் வேண்டும். கறுப்பு வெள்ளையும் அதே மாதிரிதான் வந்தது: பிலிம் மலிவு, குழல்விளக்கின் நிறத்தோடு மல்லுக்கட்டும் வேலையும் இல்லை. ஆனால் கையில் காசில்லாததால் செய்த ஏற்பாடு அந்த வேலையின் உண்மையைப் பிடித்துவிட்டது. பகல் எது இரவு எது என்று தெரியாத, சன்னலில்லாத ஓர் உட்புறம். வெளியுலகத்துக்குச் சொல்லவேண்டிய ஒரே சேதி, உள்ளே ஆள் இருக்கிறான் என்பது. இதே படத்தில் டான்டே கல்லாவை விட்டு நகரும்போது, பணத்தை வைத்துவிட்டு மீதியை நேர்மையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போகிறான். ஜனங்களும் அப்படியே செய்கிறார்கள். பணம் கிடக்கிறது, ஆளைக் காணோம் என்றால் எங்கோ ஒளிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும் என்பது அவன் விளக்கம். ஆள் இல்லாமலே கடை நடக்கிறது, ஆனாலும் அவன் இருந்தாகவேண்டும். பிற்பாடு ராண்டல் நாலு வயதுக் குழந்தைக்குச் சிகரெட் விற்றுவிட, 500 டாலர் அபராதம் டான்டே தலையில் விழுகிறது. வேலையில் இருப்பதாகக் கணக்கு அவன்மேல். சம்பளமோ அபராதமோ, இருப்புக்குத்தான்.

இனி கல்லாவுக்கு அந்தப் பக்கம். வருகிறவர்கள் எல்லோரையும் படம் ஒரு கோமாளி அணிவகுப்பாகத்தான் காட்டுகிறது. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், வருகிறவர்களில் பலரும் தங்கள் தொழிலோடுதான் உள்ளே நுழைகிறார்கள். சிகரெட் வாங்க வந்தவர்களிடம் கெட்டுப்போன நுரையீரலைக் காட்டிப் பிரசங்கம் செய்து, டான்டேயைச் சாவு வியாபாரி என்று கும்பலைத் தூண்டிவிடுகிற மனிதர் ஒரு சூயிங் கம் கம்பெனியின் பிரதிநிதி. சிகரெட்டை விட்டவன் எதையாவது மெல்லவேண்டுமே. அவரும் கூலிக்கு வேலை பார்ப்பவர்தான், மூலதனமெல்லாம் அந்த ஆவேசம். தரையில் உட்கார்ந்து முட்டைகளை உருட்டித் தட்டி, குறையே இல்லாத ஒரு டஜனைத் தேடுகிற ஆள் பள்ளி ஆலோசகர். அர்த்தமில்லாத வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் கோளாறு இது என்று விளக்கம் சொல்கிற பெண்ணும் ஒரு வாடிக்கையாளர். உருப்படியான வேலை முக்கியம் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைச் சொல்கிறார்: கூண்டு விலங்குகளிடமிருந்து செயற்கைக் கருவூட்டலுக்கு விந்து எடுப்பது. இதெல்லாம் நகைச்சுவை உத்தி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் உத்தி ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போகும்போது அதற்குள் ஒரு கருத்து இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைக்கு வாடிக்கையாளர் என்று ஒரு இனம் தனியாக எங்கிருந்தோ வருவதில்லை. வேறெங்கோ ஷிப்ட் முடித்து, வேறெங்கோ மென்று விழுங்கிய எரிச்சலோடு வருகிற ஊழியர்கள்தான் வருகிறார்கள். நாள் முழுக்கத் தனக்கு மேலே இருப்பவனுக்குத் தலையாட்டியவனுக்கு இந்தக் கல்லாவின் முன்னால் நிற்கும் மூன்று நிமிடம்தான், தான் கேட்டால் ஒருவன் எடுத்துத் தரவேண்டும் என்கிற அதிகாரம் கிடைக்கிறது. அதை அவன் முழுசாகச் செலவழிக்கிறான்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கை இந்தப் படம் வைத்திருக்கிறது. 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தில் தகர்க்கப்படும் இரண்டாவது டெத் ஸ்டார் என்ற விண்வெளிக் கோட்டையைப் பற்றி ராண்டலுக்கு ஒரு சந்தேகம். முதலாவது கட்டி முடிந்தது, அதிலிருந்தவர்கள் படையாட்கள். இரண்டாவதோ பாதிதான் கட்டப்பட்டிருந்தது. அப்படியானால் அதில் குழாய் வேலைக்காரர்களும் கூரை வேய்கிறவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்திருப்பார்கள். அரசியலோடு சம்பந்தமில்லாமல் கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் செத்ததைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? சாமான் வாங்க வந்த ஒருவர் குறுக்கிட்டு, நான் கூரை வேலை செய்கிறவன் என்று ஆரம்பிக்கிறார். மூன்று மாதம் முன்பு ஒரு பெரிய வீட்டுக் கூரையை மாற்றும் வேலை வந்தது, ஒரே நாளில் முடித்தால் இரட்டைக் கூலி. வீடு ஒரு தாதாவுடையதென்று தெரிந்ததும் இவர் வேலையை நண்பரிடம் தள்ளிவிட்டார். அதே வாரம் எதிர்க்கோஷ்டி அந்த வீட்டைத் தாக்கியபோது நண்பர் கூரையிலேயே செத்தார். ஆகவே வேலை எடுக்கிறவன் யாருக்காக எடுக்கிறோம் என்று பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று முடித்துவிட்டு அவர் போகிறார். படம் முழுக்க வாயாடிக்கொண்டே இருக்கும் ராண்டல் இங்கே நக்கலடிக்கவில்லை. டான்டே எரிச்சல்படவில்லை. இருவரும் கேட்கிறார்கள். கல்லாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கூலிக்காரர்கள் கூலியைப் பற்றிப் பேசும் அந்தச் சில நிமிடங்களில் படத்தின் இளக்காரம் அப்படியே நின்றுவிடுகிறது. விண்வெளிப் படத்தை வைத்து அரட்டையடிக்கும் காட்சி என்றுதான் இதை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு இதுதான் படத்தின் மையம், மற்ற எல்லாக் காட்சிகளும் இதிலிருந்து விலகி ஓடுகின்றன. சூயிங் கம்காரரை இவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அவர் தன் வேலையை மறைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வேஷத்தில் பேசினார், முடிவில் சிகரெட்டுகள் கல்லாப் பையன் முகத்தில் வந்து விழுந்தன. இவர் தன் வேலையைச் சொல்லி ஆரம்பித்தார், ஒரு விவாதம் நடந்தது.

ஒரு மலிவான கொச்சை நகைச்சுவைக்கு இவ்வளவு பாரம் தாங்குமா என்று கேட்கலாம். வெறும் பேச்சுக்காகவே தணிக்கையில் ஆகக் கடுமையான சான்றிதழைப் பெற்று, வழக்கறிஞர் வைத்து மேல்முறையீடு செய்து இறக்கிக்கொண்ட படம் இது. அதை வைத்துச் சமூகவியல் பேசுவது கொஞ்சம் நடிப்பாகக்கூடத் தெரியலாம். ஆனால் சமூகவியல் ஏற்கெனவே இந்தக் கல்லாவுக்கு வந்து நின்றிருக்கிறது. சி. ரைட் மில்ஸ் 1951இலேயே பெரிய அங்காடிகளின் விற்பனைப் பெண்களைப் பற்றி எழுதும்போது, அங்கே விலைக்குப் போவது அவர்களுடைய சுபாவம் என்று கண்டார். ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983இல் டெல்டா விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் உழைப்புதான், அதற்கும் ஒரு தேய்மானம் உண்டு என்றார். பார்பரா எரன்ரைக் சொன்னது இவற்றைவிட அசௌகரியமானது. குறைந்த கூலி வேலைகளைத் தானே பார்த்து அவர் எழுதிய புத்தகம் 2001இல் வந்தது. மின்னசோட்டாவில் ஒரு வால்மார்ட்டில் பெண்கள் துணிப் பிரிவில் வேலை செய்தவர், கலைத்துப்போட்ட துணிகளை மடித்து மடித்து, சில வாரங்களில் வாடிக்கையாளர்களையே வெறுக்கும் மனநிலைக்கு வந்ததை மறைக்காமல் பதிந்திருக்கிறார். தொழிலாளர் பக்கம் நிற்கத் தீர்மானித்து, படித்து, திட்டமிட்டுப் போனவருக்கே கோபம் கம்பெனியின்மேல் போகவில்லை. துணியைக் கலைத்துவிட்டுப் போகிற, தன்னைப்போலவே களைத்த பெண்மேல் போயிற்று. காரணம் எளிது. கண்ணுக்கு முன்னால் நிற்பது அவள்தான். 'கிளார்க்ஸ்' முதலாளியைக் காட்டவே காட்டாத படம். அவர் தொலைபேசியின் மறுமுனை, அதற்கப்புறம் வெர்மான்ட். வசை போய்ச்சேர வேறு முகவரி கிடையாது.

டான்டேயும் ராண்டலும் இந்த வசையை இரண்டு விதமாகக் கையாளுகிறார்கள். ராண்டல் வாய்க்கு வந்ததைப் பேசுவான், வாடிக்கையாளர் முகத்தில் தண்ணீரைத் துப்புவான், குழந்தையோடு படம் கேட்டு வந்த தாயின் எதிரிலேயே ஆபாசப்படப் பட்டியலைத் தொலைபேசியில் வாசித்து ஆர்டர் கொடுப்பான். டான்டே மரியாதையாகப் பேசிவிட்டு உள்ளுக்குள் புழுங்குவான். ராண்டலைக் கலகக்காரனாகவும் டான்டேயைக் கோழையாகவும் ரசிகர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. ராண்டல் துப்பியது எதையும் அசைக்கவில்லை. துப்பு வாங்கியவர் நாளைக்கு இன்னொரு கடையில் இன்னொருவனைக் கடிந்துகொள்வார். டான்டேயின் மரியாதையும் அப்பழுக்கற்றது ஆகாது, தான் இவர்களைவிட ஒரு படி மேல் என்ற நினைப்பில்தான் அது நிற்கிறது. இருவரும் கைகலந்து, கடை அலங்கோலமாகி, தரையில் உட்கார்ந்திருக்கும்போது ராண்டல் இதை உடைக்கிறான். குரங்குகூடச் செய்துவிடும் வேலையை நீ பெரிதாகக் காட்டிக்கொள்கிறாய், வருகிறவர்களை நாம் கீழே பார்க்கிறோம், நாம் அவ்வளவு உசத்தி என்றால் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்கிறான். படத்தில் யாரும் அதுவரை சொல்லாத வாக்கியம் இது. ஆனால் அது போய்ச்சேரும் இடத்தைக் கவனிக்கவேண்டும். வாடிக்கையாளர்களைப் பற்றி ஆரம்பித்த பேச்சு இரண்டு நண்பர்களின் சமாதானத்தில் முடிகிறது. நீ மாறவேண்டும், முடிவெடுக்கவேண்டும், யாரும் உன்னைக் கட்டிப்போடவில்லை. கல்லாவைப் பற்றிய கண்டுபிடிப்பு டான்டேயின் குணத்தைப் பற்றிய அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. சலித்துப்போவது வசதிக்காரனின் நோய் என்பது. இந்தப் பையன்களுக்குக் கார் இருக்கிறது, திரும்பிப்போகக் கல்லூரி இருக்கிறது, வேலை நேரத்தில் கூரைமேல் ஏறி ஹாக்கி ஆடுகிறார்கள், கடையைப் பூட்டிவிட்டு முன்னாள் தோழியின் சாவுக்குப் போய்வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் இடைவெளியில்லாமல் நிற்கிறவனுக்குச் சலிக்க நேரம் ஏது? இதில் உண்மை உண்டு. வறுமையைப் பற்றி இந்தப் படத்துக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததாகப் பாவனையும் இல்லை. ஆனால் ஹாக்கி ஆட்டம் எப்படி முடிகிறதென்று பாருங்கள். கடையைத் திற என்று கூரைக்கே ஆள் ஏறி வருகிறான், சிறிது நேரத்தில் இருந்த ஒரே பந்தும் தெருவுக்குப் போய்விடுகிறது. எடுத்துக்கொண்ட ஓய்வு ஒவ்வொன்றும் இப்படித்தான் பிடுங்கப்படுகிறது. அந்த ஆட்சேபத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. வெரோனிக்கா, டான்டேயின் காதலி, வீட்டில் செய்த லசானியாவைக் கடைக்குக் கொண்டுவருகிறாள், படிப்பை முடி என்கிறாள், அந்த சூயிங் கம்காரரின் முகமூடியைக் கழற்றுவதும் அவள்தான். பதிலுக்கு அவளுடைய பழைய உறவுகளை எண்ணிக்கொண்டு டான்டே பொருமுகிறான். கடைசியில் படம் முழுக்க வாய்திறக்காத சைலன்ட் பாப், கெவின் ஸ்மித்தே நடித்த பாத்திரம், பேசும் ஒரே வசனம் அந்த லசானியாவுக்கான பாராட்டு: வேலை செய்யும் இடத்துக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண் சுலபத்தில் கிடைக்கமாட்டாள் என்று. அதைக் கேட்டுத்தான் டான்டேக்கு ஞானம் பிறக்கிறது. டான்டேயின் முன்னாள் காதலி கெய்ட்லினுக்கு நேர்வது இன்னும் மோசம், ஒரு கொடூரமான ஏமாற்றத்தில் பேச்சிழந்து ஆம்புலன்ஸில் ஏற்றப்படுகிறாள், அதுவும் ஒரு ஜோக். நாள் முழுக்கச் சேவகம் செய்து கசந்துபோனவன், தனக்குச் சேவகம் செய்கிறவளைத்தான் கையெட்டும் தூரத்தில் காண்கிறான். கல்லாவில் அவனுக்கு நடந்ததை அவன் அவளுக்குச் செய்கிறான். படத்துக்கு இது தெரியவில்லை என்றே நினைக்கிறேன். கூரைக்காரர் காட்சியை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கலாம்.

படத்தைச் சுற்றி வளர்ந்த கதையும் அந்த அறிவுரையையே பலப்படுத்தியது. படத்துக்கு ஆன செலவு 27,575 டாலர். சினிமாப் பள்ளியைப் பாதியில் விட்டு மிச்சம்பிடித்த கட்டணம், விற்ற காமிக்ஸ் புத்தகங்கள், முட்டிநின்ற கடன் அட்டைகள். சன்டான்ஸ் விழா, மிராமாக்ஸ் வாங்கியது, அமெரிக்காவில் முப்பது லட்சம் டாலருக்குமேல் வசூல், 2019இல் நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். கல்லாவில் நின்ற பையன் கல்லாவைப் படமெடுத்துக் கல்லாவைவிட்டு வெளியேறினான். உண்மைதான், வியக்கத்தக்கதும்கூட. ஆனால் ஒருவன் வெளியேறினால் அந்த இடத்தில் இன்னொருவன் நிற்கிறான், ஷட்டர் மறுநாள் காலையிலும் தூக்கப்படுகிறது. முதலில் எடுத்த முடிவில் கடை மூடும் நேரத்தில் ஒரு திருடன் வந்து டான்டேயைச் சுட்டுவிட்டுக் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறான். பார்த்தவர்களின் யோசனைப்படி அது வெட்டப்பட்டது. வெட்டியது சமரசம் என்பவர்கள் உண்டு, இரவுக் கடை ஊழியனுக்குக் கொள்ளைக்காரன் கற்பனைப் பயம் இல்லை என்பார்கள். இருந்தும் வெட்டியது சரி என்பேன், காரணம் மட்டும் வேறு. அந்தக் குண்டு பாய்ந்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு வருகிறவன் எதிரிதான் என்று படம் முத்திரை குத்தியிருக்கும். கூரைக்காரரும் அதே கதவு வழியாகத்தான் வந்தார்.

தொடர்ச்சியாக வந்த 2006 படத்தில் நண்பர்கள் இருவரும் கடனை வாங்கி அந்தக் கடையையே விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். வண்ணப் படம் அத்துடன் மறுபடி கறுப்பு வெள்ளையாக மாறுகிறது, பால் புட்டிகளுக்குள் கைவிடும் அம்மாளும் அங்கே இருக்கிறார். இரண்டு படத்திலும் அவராக நடித்தது இயக்குநரின் தாயார். முதலாளி இப்போது வெர்மான்ட்டில் இல்லை, கல்லாவிலேயே நிற்கிறார். ஊழியனின் தொல்லைக்கு விடை அவன் உரிமையாளனாவது என்று அந்தப் படம் மனதார நம்புகிறது, சந்தோஷமாகவும் முடிகிறது. பால் அடுக்க ஒரு பையனை வேலைக்கு வைத்தால் அவனிடம் இவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அந்தப் படம் கேட்டுக்கொள்ளவில்லை.